என் மாணவிக்கு நான் காட்டிய சிவப்புக் கொடி

ஒரு காலத்தில் காஞ்சிபுரம் வட்டாரப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் நடுவராகப் போகும் எனக்கு 'நேர்மையான அஃபிஷியல்' என்று பெயர். அரசுப் பெண்கள் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் பி.இ.டி.யாக, அதாவது உடற்கல்வி ஆசிரியையாக, வேலை பார்த்தேன். போன வருடம் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெறும்போது அந்தப் பெயர் என்னிடம் இல்லை. அது எப்படிப் போனது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

1. முதல் நாள்

வேலையில் சேர்ந்த அன்று தலைமையாசிரியையிடம் கிரவுண்டு எங்கே என்று கேட்டேன். அவர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். சைக்கிள் ஸ்டாண்டு, ஒரு வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான்.

"பி.டி. பீரியட மேத்ஸ் டீச்சர் எடுத்துக்கினு இருக்காங்கம்மா. போர்ஷன் முடியணும் இல்ல? நீங்க காலையில பிரேயர்ல பிள்ளைங்கள லைனா நிக்க வையுங்க. ஆகஸ்ட் பதினஞ்சுக்கு டிரில் பண்ண வையுங்க. போதும்" என்றார்.

இரண்டு தெரு தள்ளி ஆண்கள் பள்ளி. அங்கே பெரிய கிரவுண்டு, ஓடுபாதை, மணல் நிரப்பிய லாங் ஜம்ப் பிட், சாமான் வைக்கத் தனி ரூம். சேகர் என்று ஒரு பி.டி. மாஸ்டர் இருந்தார். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேட்டி கட்டிய மிராசுதார் மாதிரி அந்த மைதானத்தில் நடப்பார். எங்கள் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா என்று போய்க் கேட்டேன்.

"தாராளமா வாங்க மேடம். சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு. அப்பதான் பசங்க இருக்க மாட்டாங்க."

ஏப்ரல் மாத வெயிலிலும் அதே ஒரு மணிதான். பிள்ளைகள் உடை மாற்ற இடம் கிடையாது. வீட்டிலிருந்தே சுடிதாருக்குள் ட்ராக் பேண்ட் போட்டுக்கொண்டு வருவார்கள். சேகர் கெட்டவர் இல்லை. எங்களுக்கு என்ன இல்லை என்பது அவருக்குத் தெரியவே இல்லை, அவ்வளவுதான். அவர் கையில் தொங்கும் சாவிக்கொத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அந்த எரிச்சலில்தான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நானும் பத்துப் பதினைந்து மாணவிகளும் சேர்ந்து ஒரு பிட் வெட்டினோம். புதுக் கட்டடம் கட்டி மீந்த மணலைக் கேட்டு வாங்கிக் கொட்டினோம். ஓடி வர நேரான இடம் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டில் கிளம்பி, மரத்தருகே லேசாக வளைந்து வந்துதான் தாண்ட வேண்டும். அந்த வளைந்த பாதையில் ஓடிப் பழகியவர்கள் எங்கள் பள்ளிக்கு எத்தனையோ சான்றிதழ் வாங்கித் தந்திருக்கிறார்கள்.

2. ஐயம்பேட்டை ஆட்டோ

யாமினி ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். ஒல்லியான பெண், நீளமான கால்கள். முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டேன். மற்றவர்கள் தாண்டும்போது கீழே விழுவார்கள். இவள் மேலே போய்க் கொஞ்சம் நின்றுவிட்டு வருவது போல இருக்கும்.

அவளுடைய அப்பா ஏழுமலை, ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். காலை ஆறு மணிக்கு முதல் டிரிப்பில் மகளைக் கொண்டுவந்து விடுவார். விட்டுவிட்டுப் போக மாட்டார். இரண்டு டிரிப்பை விட்டுவிட்டு, தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்று பார்ப்பார். அவள் தாண்டும் ஒவ்வொரு முறையும் "அப்டித்தான்! அப்டித்தான் கண்ணு!" என்று கத்துவார்.

ஒரு நாள் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"மேடம், ஷார்ட்ஸ் வாங்கினு வந்தேன். கடைக்காரன் பையனுக்கான்னு கேட்டான். இல்லப்பா, என் பொண்ணு ஓடறான்னேன். சைஸ் சரியா இருக்குமா பாருங்க."

பையை வாங்கிப் பிரித்தேன். நீல நிற ஷார்ட்ஸ். சரியாக இருக்கும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

ஏன் என்று சொல்ல வேண்டும். நான் மாகறல் கிராமத்துக்காரி. எங்களுக்கு நிலம் இருந்தது, ஊரில் மரியாதை இருந்தது. பள்ளியில் படிக்கும்போது நானும் லாங் ஜம்ப்தான். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாண்டி, மாவட்டத்தில் முதலாவதாக வந்து, மாநிலப் போட்டிக்குப் பெயர் வந்தது. அதற்காகப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது என் அப்பா மைதானத்துக்கு வந்தார். அவர் அங்கே வந்தது அந்த ஒரு தடவைதான். ஓடுவதற்காகக் கோட்டில் நின்றுகொண்டிருந்தேன். "போதும்மா. வா ஊட்டுக்கு. ஊர்ல பேசறாங்க" என்றார். கத்தவில்லை, அடிக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் போனேன்.

என் தம்பி கபடி ஆடினான். முதல் ரவுண்டைத் தாண்டியதே இல்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் அவனுக்குப் புது ஷூ வந்தது. பிறகு நான் உடற்கல்விப் பயிற்சிக்குப் போகிறேன் என்றபோது அப்பா சம்மதித்தார். அரசு வேலை கிடைக்குமே. நான் விளையாடக் கூடாது, ஆனால் விளையாட்டு சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கலாம். அதில் அவருக்கு ஒரு முரண்பாடும் தெரியவில்லை.

சேகரைப் பார்த்து எனக்கு வந்த பொறாமையால் ஒரு பிட் கிடைத்தது. தம்பி மேல் இருந்த பொறாமை வயதோடு தேய்ந்துவிட்டது. இது வேறு மாதிரி. யாமினியின் கால்களைப் பார்த்து எனக்குப் பொறாமை வரவில்லை. அவள் அப்பாவைப் பார்த்து வந்தது. நிலமும் மரியாதையும் இருந்த மனிதரால் செய்ய முடியாததை ஒரு ஆட்டோக்காரர் இவ்வளவு சுலபமாகச் செய்கிறாரே என்று வந்தது. 'ஒரு ஆட்டோக்காரர்' என்று என் மனம் சொன்ன தொனியில் எங்கள் ஊர்த் திமிரும் கொஞ்சம் இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

யாமினியிடம் அதிகம் கடுகடுத்தேன். நல்ல ஜம்ப்பைப் பாராட்ட மாட்டேன். லேண்டிங் சரியில்லை, ரன்-அப் சரியில்லை என்பேன். "மிஸ் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு" என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஏழுமலையும் அப்படித்தான் நம்பினார்.

"திட்டுங்க மேடம். திட்டுனாதான் வருவா" என்பார். அதுவும் எனக்கு எரியும்.

3. ஆறாவது தாவல்

அவள் பதினோராம் வகுப்பு படிக்கும்போது வருவாய் மாவட்டப் போட்டி நடந்தது. முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் மாநிலப் போட்டிக்குப் போகலாம். வழக்கம்போல ஆண்களுக்கான போட்டிகளைக் காலையில் முடித்துவிட்டு, பெண்களுக்குச் சாப்பாட்டுக்கு மேல் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு மணிக்கு லாங் ஜம்ப். மணல் கொதித்தது.

தாவல் பலகை அருகே உட்கார்ந்து ஃபவுல் பார்க்க வேண்டிய அஃபிஷியல் வரவில்லை. பொறுப்பாளர் என்னிடம் ஓடி வந்தார்.

"மேடம், நீங்க உக்காருங்க."

"சார், என் ஸ்கூல் பொண்ணு இருக்குது."

"இருந்தா இன்னா? உங்கள நம்பாம வேற யார நம்பறது?"

அந்த வார்த்தை எனக்கு இனித்தது. உட்கார்ந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாவல் பலகையின் மறு விளிம்பில் களிமண் போன்ற ஒரு பட்டை பதித்திருப்பார்கள். கால் பலகையைத் தாண்டினால் அதில் தடம் விழும். தடம் விழுந்தால் சிவப்புக் கொடி, அந்தத் தாவலை அளக்க மாட்டார்கள். விழாவிட்டால் வெள்ளைக் கொடி, டேப் பிடித்து அளப்பார்கள். கொடி இரண்டும் ஃபவுல் பார்ப்பவர் கையில் இருக்கும்.

ஆளுக்கு ஆறு தாவல். யாமினிக்கு முதலாவது நிஜமாகவே ஃபவுல். பதற்றம். அடுத்த நான்கிலும் முழு வேகம் வரவில்லை. ஐந்தாவது முடிந்தபோது மூன்றாவது இடத்தில் இருந்தாள். முதல் இரண்டு பேரும் விழுந்த தூரத்தில் பிட்டின் ஓரமாகச் சின்னக் கொடி குத்தியிருந்தார்கள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஏழுமலை காக்கிச் சட்டையோடு நின்றிருந்தார். சவாரியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். பக்கத்தில் நிற்பவர்களிடமெல்லாம், "அதோ, நீல ட்ராயர் போட்டுக்கினு இருக்குதே, அது என் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறாவது தாவலுக்கு அவள் ஓடி வந்தாள். வரும்போதே தெரிந்தது. அவள் பாதம் பலகையில் விழுந்தது. களிமண் பட்டைக்கு ஒரு விரற்கடை இந்தப் பக்கம். மிகச் சுத்தமான தாவல். மேலே போனாள், அவளுக்கே உரிய விதமாக அங்கே கொஞ்சம் நின்றாள், இரண்டாமிடக் கொடியைத் தாண்டிப் போய் விழுந்தாள்.

எந்தப் பிட்டைப் பார்த்தாலும், நான் என் வாழ்நாளில் அதிகபட்சம் தாண்டிய தூரம் எது என்று என் கண் தானாகக் கணக்குப் போடும். அவள் அதையும் தாண்டி விழுந்திருந்தாள். அந்த நொடியில் கயிற்றுப் பக்கமிருந்து "என் கண்ணே!" என்று குரல் வந்தது. அழுகையும் சிரிப்புமாக ஒரு குரல். என்னை நோக்கி யாரும் அப்படிக் கத்தியதில்லை.

என் கை சிவப்புக் கொடியைத் தூக்கியது.

'கை தூக்கியது' என்று எழுதுவது தப்பித்துக்கொள்வது. நான் தூக்கினேன். தெரிந்தே தூக்கினேன். கீழே இறக்கி, தப்பாகிவிட்டது என்று சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. குனிந்து, தடமே விழாத களிமண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துச் சமன் செய்வது போல் செய்தேன். நிமிர்ந்தபோது யாமினி எதிரே நின்றிருந்தாள். உடம்பெல்லாம் மணல். பலகையைப் பார்த்தாள். என் விரலைப் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள். அதற்குள் மணலை வாரிச் சமன் செய்துவிட்டார்கள்.

பொறுப்பாளர் மைக்கிலேயே சொன்னார்: "சொந்தப் பள்ளி மாணவின்னு கூடப் பாக்கல. மேடத்துக்கு ஒரு கைதட்டு குடுங்கப்பா." எல்லாரும் தட்டினார்கள். ஏழுமலையும் தட்டினார்.

திரும்பும்போது அவர் ஆட்டோவில்தான் வந்தேன். வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி, "பரவால்ல மேடம். நீங்க பெத்த பொண்ணா இருந்தாக்கூட இதத்தான் பண்ணியிருப்பீங்க" என்றார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாமினி கடைசிவரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

4. அவர்கள் வீட்டில்

அடுத்த இரண்டு வாரம் அவள் பயிற்சிக்கு வரவில்லை. வகுப்புத் தோழியிடம் விசாரித்தேன். "அவங்க அத்த வேணாம்னு சொல்லிட்டாங்களாம் மிஸ். மூணு வருஷமா குதிச்சி இன்னா கெடச்சிதுன்னு கேட்டாங்களாம். அவங்க அப்பாவும் ஒண்ணும் பேசலியாம்."

அந்த மனிதரை வாயடைக்க வைத்தது நான்தான். ஊர் செய்ய முடியாததை நான் செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐயம்பேட்டைக்குப் போனேன். ஏழுமலை வாசலில் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலி கொண்டுவரச் சொன்னார்கள். உட்காரவில்லை. யாமினியைக் கூப்பிடச் சொன்னேன். அவள் வந்து கதவருகே நின்றாள்.

"ஏழுமலை, அன்னைக்கு அது ஃபவுல் இல்ல. நல்ல ஜம்ப். நான் தெரிஞ்சேதான் கொடியத் தூக்கினேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கையில் இருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா மேடம் சொல்றீங்க?"

"பொறாமைல பண்ணேன்."

"சின்னப் பொண்ணு மேலயா?"

"உங்க மேல."

"எம்மேலயா? நான் இன்னா மேடம், ஆட்டோ ஓட்டறவன். எங்கிட்ட இன்னா கீது நீங்க பொறாமப்பட?"

என் அப்பா மைதானத்துக்கு வந்த கதையைச் சொன்னேன். யாரிடமும் அதுவரை சொன்னதில்லை, என் கணவரிடம் கூட. சொல்லி முடித்தபோது அவருடைய அக்கா கீரையைக் கீழே வைத்துவிட்டிருந்தார். ஏழுமலையின் முகத்தில் இரக்கம் வரும் என்று எங்கோ ஒரு ஓரத்தில் எதிர்பார்த்திருக்கிறேன் போல. வரவில்லை.

"உங்க அப்பா பண்ணாரு, சரி. அதுக்கு என் பொண்ணு இன்னா பண்ணா?"



யாமினி கதவருகே இருந்து பேசினாள். "எனக்கு அன்னைக்கே தெரியும் மிஸ். க்ளேல ஒண்ணுமே இல்ல."

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"சொன்னா யார் நம்புவாங்க? நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியுமே."

இருபத்தெட்டு வருட வேலையில் என்னை யாரும் அப்படி அடித்ததில்லை. அவள் அடிக்க நினைத்துச் சொல்லவும் இல்லை.

ஏழுமலை துணியைப் பிழிந்து ஆட்டோ மேல் போட்டார். தன் அக்காவிடம் திரும்பினார். "கேட்டுக்கினியாக்கா? தாண்டிக்கீறா. என் பொண்ணு தாண்டிக்கீறா." பிறகு என்னைப் பார்த்து, "எழுதிக் குடுப்பீங்களா?" என்றார்.

"குடுக்கறேன்."

"குடுங்க. ஆனா இனிமே உங்ககிட்ட அனுப்ப மாட்டேன் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க."

5. மெமோ

மறுநாளே ஒரு பக்கத்தில் எழுதி, மாவட்ட உடற்கல்வி அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கே இருந்த அதிகாரி படித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மேடம், லிஸ்ட்டு சென்னைக்குப் போயிடுச்சி. இத நீங்க குடுக்கவே இல்ல, நான் வாங்கவே இல்ல. வீட்டுக்குப் போங்க. எதுக்கு வீணா மாட்டிக்கிறீங்க?"

"சீல் போட்டுக் குடுங்க சார்" என்றேன். அரை மணி நேரம் நின்ற பிறகு போட்டுக் கொடுத்தார்.

அந்த வருடம் யாமினிக்கு மாநிலப் போட்டி கிடைக்கவில்லை. என் கடிதத்தால் அது மாறவில்லை. எனக்கு மெமோ வந்தது. அஃபிஷியல் பட்டியலில் இருந்து பெயரை எடுத்தார்கள். சக ஆசிரியைகளில் பாதிப் பேர் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். பொம்பளை புத்தி என்று ஒரு ஆண் பி.இ.டி. சொன்னாராம். அந்தப் பேச்சு எனக்குத் தண்டனையைவிட அதிகமாக வலித்தது. நான் செய்த தப்பின் கெட்ட பெயரை எங்கள் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சுமக்கும்படி ஆயிற்று.

ஏழுமலை மகளைச் சேகரிடம் கூட்டிக்கொண்டு போனார். சனி மத்தியானம் ஒரு மணிக்கு இல்லை, தினமும் காலை ஆறு மணிக்கு. பையன்கள் இருக்கும்போதே அவளும் ஓடினாள். முதலில் நாலைந்து பையன்கள் கிண்டல் செய்தார்களாம். ஏழுமலை தினமும் அங்கே நின்றதால் அது ஒரு வாரத்தில் அடங்கிவிட்டதாம். அவளைப் பார்த்து எங்கள் பள்ளியிலிருந்து இன்னும் ஆறு பேர் அங்கே போனார்கள். நான் வருடக்கணக்கில் கேட்டும் கிடைக்காத நேரம் அவளால் கிடைத்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். பட்டேன். பட்டுக்கொண்டே, அதற்கும் பொறாமைப்பட்டேன். உள்ளதைச் சொல்வதென்றால் அப்படித்தான்.

பன்னிரண்டாம் வகுப்பில் அவள் மாநிலப் போட்டிக்குப் போய் மூன்றாவதாக வந்தாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் கல்லூரி கிடைத்தது. இதெல்லாம் எனக்குப் பேப்பர் பார்த்தும் சேகர் சொல்லியும்தான் தெரியும்.

ஓய்வு பெறும் நாளுக்கு முந்தின நாள், சாமான் கணக்கை ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. யாமினி. தோளில் பெரிய கிட் பேக். லீவுக்கு வந்தவள், பஸ் இறங்கி நேராக வந்திருக்கிறாள்.

"எப்படிம்மா இருக்க?"

"இருக்கேன் மிஸ்."

காலேஜைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினோம். பிறகு அவள் கேட்டாள்.

"அன்னைக்கு அந்த ஜம்ப் எவ்ளோ இருந்திருக்கும் மிஸ்? நீங்க பக்கத்துல இருந்தீங்க. நான் இத்தன வருஷமா யோசிச்சிக்கினே இருக்கேன். அதவிட நல்லா தாண்டிட்டேனா, இன்னும் தாண்டலியான்னே தெரியல."

என்ன சொல்வது? டேப் பிடிக்கவில்லை. மணலை வாரிவிட்டார்கள். அவளுடைய வாழ்க்கையில் ஒரு தூரத்தை நான் இல்லாமல் செய்துவிட்டேன். மாநிலப் போட்டி அடுத்த வருடம் வந்தது, கல்லூரி வந்தது. அது மட்டும் வராது.

"எவ்ளோன்னு தெரியாதும்மா. அளக்கல. நான் ஜென்மத்துல தாண்டினதவிட அதிகம். அது மட்டும் நிச்சயமாத் தெரியும்" என்றேன்.

கிட் பேக்கைத் தோளில் சரிசெய்துகொண்டாள். "சரி மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மன்னித்தாளா என்று தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

இப்போது வேலைக்கு வரும் பெண் பி.இ.டி.க்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் நிறையப் பேர் விளையாடவிடாமல் பாதியில் நிறுத்தப்பட்டவர்கள். நமக்குக் கிடைக்காத ஷூ, கிடைக்காத மைதானம், கிடைக்காத அப்பா, எல்லாமே ஒரு நாள் ஏதோ ஒரு மாணவிக்குக் கிடைக்கும். அன்றைக்குப் பொறாமை வரும். வராது என்று நினைக்காதீர்கள். எனக்கு நல்லவள் என்ற பெயர் இருந்ததால் வராது என்று நினைத்தேன். வந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் கொடி உங்கள் கையில் இருக்கக் கூடாது. முடியாது என்று சொல்லி, கொடியை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பிட்டின் மறு முனைக்கு நடந்து போங்கள். அவள் வந்து விழுந்த இடத்தில் மண்டியிட்டு, டேப்பின் நுனியை நீங்கள் பிடியுங்கள்.